இன்னைக்குப் பாஸ்டர் யாரு?

அன்றைக்கு லெவலர் மிஷினைச் சுற்றி இருந்தவர்கள் ஏழு பேர். பட்டன் பேனலில் ஆபரேட்டர் சேகர். தகட்டுப் பக்கம் ஹெல்பர் டேவிட். எலக்ட்ரீஷியன் நைனா, அவருக்கு வேறு பெயர் உண்டு, சூளூர்பேட்டைப் பக்கத்துத் தெலுங்குக்காரர், எல்லோரையும் நைனா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அந்தப் பெயரே அவருக்கு ஒட்டிக்கொண்டது. இன்ஜினியர் கவிதா மேடம், இப்போது உங்களுக்கெல்லாம் மேனேஜர். டீ கொண்டுவந்த கேன்டீன் எஸ்தர் அக்கா. மிஷினை ஓட்டிக்காட்ட ஸ்பெயினிலிருந்து வந்திருந்த இன்ஜினியர். ஏழாவது நான், ரத்தினம், அப்போது ஷிஃப்ட் சூப்பர்வைசர். வேறு யாரும் இல்லை. நானும் அங்கேதான் இருந்தேன் என்று பிறகு சொன்னவர்களை ஏற்றினால் கம்பெனி பஸ் நிறைந்துவிடும். அவர்கள் இல்லை.

இதை எழுதச் சொன்னது கவிதா மேடம். போன வாரம் வேப்பம்பட்டில் என் வீட்டுக்கு ஃபோன் செய்தார். புதிதாகச் சேர்ந்தவர்களில் இரண்டு பேர் மனவருத்தப்பட்டார்களாம். நம் ஷெட்டில் ஷிஃப்ட் ஆரம்பிக்கும்போது பலகையில் பெயர் எழுதுவோம். ஆபரேட்டர் இன்னார், ஹெல்பர் இன்னார், எலக்ட்ரீஷியன் இன்னார். கடைசி வரியில் ‘பாஸ்டர்’ என்று எழுதி, எதிரில் ஒரு பெயர். அந்த வரியில் தன் பெயரைப் பார்த்த ஒரு தம்பி, நான் மலைக்கு மாலை போட்டிருக்கிறேன், என்னைப் போய் ஏன் பாஸ்டர் என்று எழுதினீர்கள் என்று கேட்டிருக்கிறார். இன்னொரு தம்பியின் மாமா உண்மையிலேயே சபை நடத்துகிறவர். அவரைக் கிண்டல் செய்கிறோம் என்று நினைத்துவிட்டார். இரண்டு பேரும் கேட்டது நியாயம். விளக்கம் சொல்லாமல் எழுதிப் போட்டது எங்கள் தவறு.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன், எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அதோடு நான் பயந்த ஆள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவன். சூப்பர்வைசராக இருந்த காலம் முழுக்க, மணவாள நகரில் பஸ் ஏறியதிலிருந்து பெரியபாளையம் தாண்டும் வரை என் மனதில் ஓடுவது ஒன்றுதான்: இன்றைக்கு யாருக்கு என்ன ஆகுமோ. அதை யாரிடமும் சொல்ல முடியாது. சூப்பர்வைசர் பயப்படுகிறான் என்று தெரிந்தால் ஷெட்டே பயந்துவிடும். சுற்றி நாற்பது பேர் இருப்பார்கள், ஆனாலும் அந்த வேலையில் நீங்கள் தனி ஆள்தான். இதைப் பதவி உயர்வு உத்தரவில் எழுதித் தர மாட்டார்கள்.

அந்த ஸ்பெயின்காரர் வந்த கதையைச் சொல்கிறேன். மிஷின் பெட்டி பெட்டியாக வந்து இறங்கிய சில நாளில் அவரும் வந்தார். ஒல்லியான மனிதர், நரைத்த தாடி, என் வயதுதான் இருக்கும். சட்டைப் பையின் மேல் நூலால் ஒரு பெயர், ஹெல்மெட்டில் அதே பெயர் பெரிய எழுத்தில்: பாஸ்டர். கேட்டில் இருந்த செக்யூரிட்டி அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு உள்ளே சேதி அனுப்பினான், வெளிநாட்டிலிருந்து ஒரு பாஸ்டர் வந்திருக்கிறார் என்று. நம் ஆட்களில் பாதிப் பேர் பக்கத்துக் காலனிகளிலிருந்து வருகிறவர்கள். அவர்களுடைய அப்பா அம்மா அடுத்தவர் வயலில் நடவு நட்டவர்கள். சபைக்குப் போகிறவர்கள் அதில் நிறைய. மத்தியானத்துக்குள் செய்தி கேன்டீன் வரை போய்விட்டது. எஸ்தர் அக்கா அவருக்கு மட்டும் இரண்டு ஆம்லெட் போட்டுக் கொண்டுபோய் வைத்து, என் பெண் நர்ஸ் பரீட்சை எழுதுகிறாள், ஜெபம் பண்ணிக்கொள்ளுங்கள் என்று கேட்டார். சாப்பாடு எப்படி இருக்கிறது என்று கேட்கிறார் போலும் என்று நினைத்து அவர் பலமாகத் தலையாட்டினார். அக்காவுக்குப் பரம திருப்தி.

மறுநாள் அவர் ஷெட்டுக்குப் பின்னால் நின்று சிகரெட் பிடிப்பதை டேவிட் பார்த்துவிட்டான். டேவிட்டை நான் அவன் இவன் என்று எழுதுகிறேன், எனக்கு அவன் தம்பி மாதிரி. நீங்கள் அவர் என்றே சொல்லுங்கள்.

“இன்னாடா இது பேஜாரா கீது. பாஸ்டர் தம் அடிச்சிக்கினு கீறாரு” என்று அவன் வந்து சொன்னபோது ஷெட்டே சிரித்தது. அப்போதுதான் கவிதா மேடம் எல்லோரையும் நிற்க வைத்து விளக்கினார். அது அவருடைய குடும்பப் பெயர், அவர் ஊழியக்காரர் இல்லை, கோயில் பக்கமே போகாத ஆள் என்று. விஷயம் அத்தோடு தீர்ந்தது. எஸ்தர் அக்காவுக்குக் கொஞ்சம் வெட்கம். ஆனால் ஆம்லெட் நிற்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, “பொண்ணு பரிச்ச நல்லா எய்திட்டு வந்துக்கிறா. இப்போ போயி நிறுத்தறதா?” என்றார்.

டேவிட் மட்டும் விடவில்லை. தினமும் காலையில் சபையில் வணக்கம் சொல்கிற மாதிரி கையை உயர்த்தி, “தோத்திரம் பாஸ்டர்” என்பான். அவரும் கையை உயர்த்தி, “தோத்திரம்” என்பார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாது. குட்மார்னிங் என்று நினைத்திருப்பார். அவருக்கென்று ஒரு முதல் பெயர் இருந்திருக்கும். அந்தப் பெயரைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

ஒரு நாள் டீ நேரத்தில் நான் கவிதா மேடத்திடம் கேட்டேன். பாஸ்டர் என்றால் சரியாக என்ன அர்த்தம், இவர்கள் குடும்பத்துக்கு எப்படி அந்தப் பெயர் வந்தது என்று கேட்டுச் சொல்லுங்கள். அவர் இங்கிலீஷில் கேட்க, அந்த மனிதர் சிகரெட்டை அணைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். அது லத்தீன் சொல். மேய்க்கிறவன், தீனி காட்டுகிறவன் என்று அர்த்தம். எங்கள் பாஷையில் இன்றைக்கும் ஆடு மேய்க்கிறவனுக்கு அதுதான் பெயர். எங்கள் முன்னோர் யாரோ மேய்த்திருக்கிறார்கள், பெயர் நின்றுவிட்டது. நான் ஆட்டைத் தட்டில்தான் பார்த்திருக்கிறேன். சபையில் இருக்கிறவருக்கும் அதே பெயரைப் பிற்பாடு வைத்தார்கள், ஜனங்களை மேய்க்கிறவர் என்ற கணக்கில்.

“எங்க சபையிலயும் அத்தத்தான் சொல்வாங்க, மேய்ப்பர்னு” என்றான் டேவிட்.

நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன். பொதட்டூர்பேட்டைப் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் எனக்குச் சொன்ன கடைசி வார்த்தை, நீ ஆடு மேய்க்கத்தான் லாயக்கு என்பது. அந்த வருஷமே பள்ளிக்கூடத்தை விட்டு அடுத்தவர் ஆட்டை மேய்க்கப் போனேன். வாத்தியார் வாக்கு பலித்தது. காலையில் பட்டியைத் திறந்தால் பொழுது சாயும் வரை பேச ஆள் கிடையாது. வாயைத் திறந்தால் ஆட்டை அதட்டுவதற்குத்தான். வேலைக்கு வந்த பிறகு அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஹெல்பராகச் சேர்ந்தபோது முன்பு என்ன செய்தாய் என்று கேட்டார்கள், விவசாயம் என்று சொன்னேன். இங்கே ஒருவர் அதையே சட்டையில் நூல் போட்டு எழுதிக்கொண்டு கடல் தாண்டி வந்திருக்கிறார். நம் ஊரில் தொழிலைப் பெயருக்குப் பின்னால் ஒட்டினால் அது ஜாதி ஆகிவிடும். அதனால் நாம் அப்பா பெயரின் முதல் எழுத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். ஆடு மேய்க்கிறவன் என்றால் திட்டு. மேய்ப்பர் என்றால் எழுந்து நிற்கிறோம். வேலை என்னவோ ஒன்றுதான்.

அவருக்கும் பேச ஆள் இல்லை. நெடுஞ்சாலையோர லாட்ஜில் அறை. கவிதா மேடம் ஐந்தரை பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டால் மறுநாள் காலை வரை அவர் பேசுவது யாருக்கும் புரியாது. நான் வீட்டுக்குப் போகும்போது பஸ் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். லாட்ஜ் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு லாரிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என் மனைவி தவறிப்போன மறு வருஷம் அது. நான் போய்ச் சேரும் வீட்டிலும் நாற்காலி ஒன்றுதான் புழக்கத்தில் இருந்தது.

இனி அந்த நாள். காலையில் மிஷினுக்குப் பூஜை. பூசணிக்காய் உடைத்தோம், எலுமிச்சை வைத்தோம், சந்தனம் குங்குமம் வைத்தோம். லெவலர் என்றால் என்ன என்று ஆபீஸில் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: சுருளாக வருகிற இரும்புத் தகட்டை மேலும் கீழுமாக இருக்கிற உருளைகளுக்கு நடுவில் விட்டு நிமிர்த்துகிற மிஷின். தகட்டை உள்ளே இழுக்கிற முதல் ஜோடி உருளை கண்ணாடி மாதிரிப் பளபளப்பாக இருந்தது. அந்த மேல் உருளையிலும் வரிசையாகப் பொட்டு வைத்துவிட்டார்கள். யார் வைத்தது என்று பிறகு விசாரணையெல்லாம் நடந்தது. ஆயுத பூஜைக்கு ஸ்பேனருக்குக்கூடப் பொட்டு வைக்கிற ஊரில் யாரென்று கேட்டு என்ன செய்வது?

பூஜை முடிந்து ஆபீஸ்காரர்கள் சர்க்கரைப் பொங்கலோடு போய்விட்டார்கள். நாங்கள் ஏழு பேர் மட்டும். முதல் தகட்டை மெதுவாக, விட்டு விட்டு ஓட்டினோம். தகட்டில் சிவப்பாகக் கறை விழுந்தது. உருளை ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு வரிசைக் கறை. பாஸ்டர் குனிந்து குனிந்து பார்க்கிறார், எண்ணெய் ஒழுகுகிறதா, துருவா என்று அவருக்குப் புரியவில்லை. டேவிட்டுக்குப் புரிந்துவிட்டது. நம் ஆட்களில் யாராக இருந்தாலும் புரிந்திருக்கும். அவன் வேறு மதம் என்பதற்காகத் துடைக்கப் போகவில்லை. வெளிநாட்டு ஆள் முன்னால் தகடு அழுக்காகிறதே என்ற ரோஷம். பின் பாக்கெட்டிலிருந்து பனியன் வேஸ்ட் துணியை எடுத்து, “அட, குங்குமம்ணா” என்று சிரித்துக்கொண்டே உருளையில் வைத்தான். சேகர் அந்தப் பக்கம் மீட்டரைப் பார்த்துக்கொண்டு அடுத்த தடவை பட்டனை அழுத்தினான். துணி உள்ளே போனது. துணியோடு கை போனது.

சேகர் உடனே சிவப்பு பட்டனை அடித்துவிட்டான். மிஷின் நின்றது. டேவிட்டின் வலது கை, விரல்களும் புறங்கையில் பாதியும் உருளைக்கும் தகட்டுக்கும் நடுவே.

இதற்கு மேல் நடந்ததைக் கவனமாகப் படியுங்கள், உங்களுக்காக எழுதுவது இதைத்தான். எல்லோரும் சேர்ந்து ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: ரிவர்ஸ். சேகர் ரிவர்ஸ் பட்டனில் கையை வைத்துவிட்டான். சொல்லுங்கண்ணா, போடட்டுமா என்று என் முகத்தைப் பார்க்கிறான். அந்த ஒரு நொடியில் அத்தனை பேரும் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். ரிவர்ஸ் போட்டால் கை வந்துவிடும், பார்க்க அப்படித்தான் தெரியும். ஆனால் கை தனியாக உள்ளே போகவில்லை, தகட்டின் மேல் படிந்து போயிருக்கிறது. உருளை திரும்பினால் அந்தக் கையின் மேல் இன்னொரு முறை ஏறி இறங்கும், தகட்டு ஓரம் அரிவாள் மாதிரி கூடவே வரும். நான் சேகரிடம் பட்டனிலிருந்து கையை எடு என்றேன். அவன் எடுத்துவிட்டான். நைனாவிடம் மெயின் கரண்டை இறக்கச் சொன்னேன். புது மிஷின், சிவப்பு பட்டனை விடுவித்தால் என்ன குதி குதிக்கும் என்று யாருக்குத் தெரியும்? பயந்த சுபாவம் எனக்குப் பலன் கொடுத்தது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

இனி ஒரே வழி, மேல் உருளையைக் கையால் தூக்குவது. இரண்டு முனையிலும் பெரிய நட்டு உண்டு என்பது எனக்குத் தெரியும். எவ்வளவு திருப்ப வேண்டும், எந்தப் பக்கம் முதலில் என்பது பாஸ்டர் ஒருவருக்குத்தான் தெரியும். அவரைப் பின்பக்கம் வரச்சொல்லிக் கை காட்டினேன்.

அவரால் வர முடியவில்லை. டேவிட் இடது கையால் அவர் சட்டையைப் பிடித்திருந்தான். பெயர் தைத்திருந்த இடத்தையே கொத்தாகப் பிடித்திருந்தான்.

“போவாதீங்க பாஸ்டர்” என்றான். “நீங்க போவாதீங்க.”

அவர் பாஸ்டர் இல்லை என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். தினம் அதை வைத்துச் சிரித்தவனே அவன்தான். அவர் என்னைப் பார்த்தார். வருவதா இருப்பதா என்று அந்தக் கண் கேட்டது. பாஷை தேவைப்படவில்லை.

மிஷினைத் தெரிந்த ஒரே ஆளை மிஷினுக்கு அனுப்பாமல் இருப்பது முட்டாள்தனம். இன்றைக்கும் யாராவது அப்படிச் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் டேவிட்டின் முழங்கால் மடங்க ஆரம்பித்திருந்தது. அவன் மயங்கிச் சரிந்தால் உடம்பு பாரம் முழுக்க அந்தக் கையில்தான் தொங்கும், பிறகு நட்டைத் திருப்பி என்ன பிரயோஜனம்? அவனை நிற்க வைத்திருப்பது அந்தச் சட்டைதான். அதை நான் பார்த்தேன். நீங்க இருங்க என்று கை காட்டிவிட்டு நானே பின்னால் ஓடினேன்.

பாஸ்டர் டேவிட்டின் இடுப்பைச் சுற்றி ஒரு கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டார். அங்கிருந்தே கவிதா மேடத்திடம் சொன்னார், மேடம் எங்களிடம் சொன்னார். இரண்டு பக்கமும் சேர்ந்தாற்போல் திருப்ப வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் போகக் கூடாது. ஒரு பக்கம் முந்தினால் உருளை சாயும், சாய்ந்தால் அந்தப் பக்கம் நசுக்கும். ஒரு முனையில் நைனா, ஒரு முனையில் நான். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது, நடுவில் மிஷின். “ரெடியா நைனா” என்பேன். “ரெடி நைனா” என்பார். திருப்புவோம். நிறுத்துவோம். மேடம் குனிந்து இடைவெளியைப் பார்த்து, சரி என்பார். மறுபடியும். எஸ்தர் அக்கா சத்தமில்லாமல் அழுதுகொண்டே டேவிட்டின் கண்ணுக்கும் உருளைக்கும் நடுவில் தன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவன் கையை அவனே பார்த்துவிடக் கூடாது என்று. அதை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

இத்தனைக்கும் நடுவில் ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. பாஸ்டர் டேவிட்டின் காதருகே தன் பாஷையில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை, நிற்கவும் இல்லை. ஆடு மிரண்டால் அதட்டக் கூடாது, அடிக்கவும் கூடாது, பக்கத்தில் நின்று தாழ்ந்த குரலில் எதையாவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அதை நான் செய்திருக்கிறேன். நட்டைத் திருப்பிக்கொண்டே எனக்கு அந்த ஞாபகம் வந்தது.

உருளை எழும்பியது. கை வந்தது. எந்த நிலையில் வந்தது என்பதை எழுத மாட்டேன். சுண்டு விரலும் மோதிர விரலும் போய்விட்டன. மற்றதெல்லாம் இருக்கிறது. இன்றைக்கு ஸ்டோரில் உங்களுக்கு க்ளவுஸ் எடுத்துக் கொடுக்கிறது அந்தக் கைதான். ரிவர்ஸ் போட்டிருந்தால் மணிக்கட்டு வரை போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

ஆம்புலன்ஸ் வந்தபோதும் டேவிட் சட்டையை விடவில்லை, அதனால் பாஸ்டரும் ஏறினார். நானும் ஏறினேன். நெடுஞ்சாலையில் ஒரு ஆஸ்பத்திரியில் முதல் கட்டுப் போட்டு, அங்கிருந்து சென்னைக்கு அனுப்பிவிட்டார்கள். ஆபரேஷன் தியேட்டர் கதவு வரை போய், அங்கே நர்ஸ் ஒருத்தி ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் சட்டையை விடுவித்தாள்.

வெளியே பெஞ்சில் நானும் அவரும். கவிதா மேடம் கம்பெனியில் இருந்தாக வேண்டும், அவர் வரவில்லை. என்னிடம் ஃபோன் இல்லை, பர்ஸும் இல்லை, எல்லாம் லாக்கரில். மதியம் தாண்டியும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். ஒருவர் பேசுவது இன்னொருவருக்குப் புரியாது. டேவிட்டின் சம்சாரம் ரூபி வந்தது. நேரே அவரிடம் போய் நின்றது. இவர் சபைக்காரர் இல்லை என்று சொல்ல நான் வாயெடுத்தேன்.

“தெரியும்ணா. பேரு மட்டும்தான்னு அவுரு ஊட்ல சொல்லிக்கிறாரு” என்றது ரூபி. “கூடவே நின்னாரு இல்ல. எனக்கு அது போதும்.”

பாஸ்டர் தலை குனிந்துகொண்டார். அவருக்குப் புரிந்ததா என்று தெரியாது.

ஆபரேஷன் முடிந்து, கையை எடுக்க வேண்டியதில்லை என்று சொன்ன பிறகுதான் எங்களுக்குப் பசி தெரிந்தது. அவர்தான் எழுந்து போய் எதிர்க் கடையில் இரண்டு பொட்டலம் இட்லியும் டீயும் வாங்கிவந்தார். ஸ்பூன் இல்லை. நான் சாப்பிடுவதைப் பார்த்து அவரும் கையால் சாப்பிட்டார். ஆட்டோவுக்கும் அவர்தான் கொடுத்தார், ரயில் டிக்கெட்டும் அவர்தான் எடுத்தார். நான் ஒவ்வொரு தடவையும் நாளைக்குத் தருகிறேன் என்று சைகை காட்டினேன். அவர் ஒவ்வொரு தடவையும் தலையாட்டினார்.

கும்மிடிப்பூண்டி ரயிலில் ஜன்னலோரம் எதிரெதிராக உட்கார்ந்தோம். மீஞ்சூர் தாண்டியதும் கூட்டம் குறைந்தது. பொன்னேரிக்கு முன்னால் தண்டவாளத்தை ஒட்டி ஆட்டு மந்தை ஒன்று வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. பின்னால் தலையில் துண்டு கட்டிய ஒரு ஆள், கழியைத் தோளில் குறுக்கே போட்டுக்கொண்டு. ரயில் சிக்னலுக்கு நின்றிருந்தது. அவர் ஜன்னல் கம்பி வழியாக அந்த ஆளைக் காட்டி, “பாஸ்டர்” என்றார். லேசாகச் சிரித்தார்.

நான் என் நெஞ்சில் கை வைத்து, “நானும்” என்றேன். புரியவில்லை. ஆட்டைக் காட்டினேன், என்னைக் காட்டினேன், சின்னப் பையன் உயரத்துக்குக் கையைத் தாழ்த்திக் காட்டினேன். “நானும் பாஸ்டர்” என்றேன். வேலைக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, முதல் தடவையாக ஒருவரிடம் சொன்னேன், அதுவும் பாஷை தெரியாத ஒருவரிடம்.

அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு ஹெல்மெட்டை, ஆம்புலன்ஸில் ஏறும்போது அவர் கையோடு எடுத்துவந்ததை, மடியிலிருந்து எடுத்து என் மடியில் வைத்தார். கவரைப்பேட்டை வரை இரண்டு பேரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தோம்.

மறுநாளே அவருடைய கம்பெனி அவரைத் திருப்பிக் கூப்பிட்டுக்கொண்டது, வேறு இன்ஜினியர் வந்தார். நான் பணத்தை எடுத்துக்கொண்டு லாட்ஜுக்குப் போனபோது அறை காலி. வாசலில் அந்த பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் இருந்தது. அவர் போகும்முன் கவிதா மேடம் ஒன்று கேட்டிருக்கிறார்: அன்றைக்கு டேவிட் காதில் என்ன சொல்லிக்கொண்டிருந்தீர்கள்? மிஷினுக்கு எங்கெங்கே எண்ணெய் விட வேண்டும், எத்தனை நாளைக்கு ஒரு தடவை என்பதை வரிசையாகச் சொன்னேன், வேறு எதுவும் வாயில் வரவில்லை என்றாராம். டேவிட்டிடம் இதைச் சொன்னோம். அவன் அது ஜெபம்தான் என்கிறான். “எண்ணதானே? வேதத்துலயும் எண்ணதாண்ணா பூசுவாங்க” என்கிறான்.

நிர்வாகம் மீட்டிங் போட்டது. ஓடுகிற மிஷினைத் துடைக்கக் கூடாது என்று போர்டு வைத்தார்கள். பொட்டு வைக்க மிஷின் பக்கவாட்டில் மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கட்டம் போட்டிருக்கிறதே, அது அதற்குப் பிறகு வந்ததுதான். பூஜை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, பொட்டு அந்தக் கட்டத்துக்குள் மட்டும். அந்த மீட்டிங்கில் நான் ஒன்று கேட்டேன். விபத்து என்றால் எல்லோரும் மிஷினைப் பார்க்க ஓடுகிறோம், ஃபோனைத் தேடி ஓடுகிறோம். அடிபட்டவன் பக்கத்தில் ஆள் இல்லை. ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒருவரை முன்கூட்டியே குறித்து வையுங்கள். அவர் மிஷினைத் தொட வேண்டாம், பட்டனைத் தொட வேண்டாம். அடிபட்டவனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக் கதவு வரை கூடவே இருக்க வேண்டும், எதையாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேலை. சரி, அந்த ஆளுக்கு என்ன பெயர் வைப்பது என்று கேட்டார்கள். கட்டுப்போட்ட கையோடு டேவிட் எழுந்து, “அதுக்குத்தான் பேரு கீதே” என்றான்.

பலகையின் கடைசி வரி அதுதான். பேனலுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிற பழைய ஹெல்மெட் அவர் என் மடியில் வைத்ததுதான். மாலை போட்ட தம்பி, அந்த வரியில் உன் பெயர் வந்தால் யாரும் உன்னை எந்தக் கோயிலுக்கும் கூப்பிடவில்லை. மாமா சபை நடத்துகிற தம்பி, அவருக்கு நாங்கள் கொடுக்கிற மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. அவருக்கும் இதுதான் வேலை, கேட்டுப் பார். அந்த வரியில் பெயர் வந்த நாளில் பயமாக இருந்தால் பயப்படுங்கள், தப்பில்லை. சட்டையை மட்டும் உருவிக்கொள்ளாதீர்கள்.

நான் இப்போது வேப்பம்பட்டில் தனியாக இருக்கிறேன். மின்சார ரயில் போகிற சத்தம் கேட்கும். காலையில் கண் விழித்ததும் இன்றைக்கு யாருக்கு என்ன ஆகுமோ என்று மனம் பழக்கத்தில் ஆரம்பிக்கும். பிறகுதான் நான் பார்த்துக்கொள்ள இனி யாரும் இல்லை என்பது ஞாபகம் வரும். அப்போதெல்லாம் அந்த ரயில் ஜன்னலை நினைத்துக்கொள்வேன். நான் யாரிடமும் கடன் வைத்தவன் இல்லை, வைத்தால் தூக்கம் வராது. பாஸ்டருடைய முகவரி கிடைத்தால் அனுப்பிவிடலாம் என்று கவிதா மேடம் பல தடவை சொன்னார். நான் இதுவரை மேடத்தை அவசரப்படுத்தவில்லை. இட்லி, டீ, ஆட்டோ, இரண்டு டிக்கெட்டும் சேர்த்து அவருக்கு நான் இன்னும் தர வேண்டியது முந்நூற்று நாற்பது ரூபாய்.